ராஜாவின் இலையில் மரவள்ளிக் கிழங்கு

என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்து நாடகங்களில் ராஜபார்ட். உயரம் இருந்தது, குரல் இருந்தது, மீசையும் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் மகாராஜா. மற்ற நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுக்கிற கூலி. அந்த மகாராஜாவுக்குக் கஞ்சி ஊற்றி, சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் அதைச் சுருக்கிக்கொள்ளும் உத்தேசம் எனக்கில்லை.

இது ரப்பர் விலை விழுந்த காலத்தில் நடந்தது. கடல் தாண்டி நாங்கள் பிழைக்க வந்த சீமையில், கோலா பிலாவிலிருந்து பகாவ் போகிற சாலையை ஒட்டி எங்கள் தோட்டம். விலை விழுந்ததும் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இருக்காது. நிறையப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த எங்களுக்கு ஸ்டோரில் அளக்கிற அரிசியைக் குறைத்தார்கள். அதோடு விட்டார்களா? கைக்குழந்தைக்காரிகளுக்கென்று தனியாக ஒரு படி அளந்துகொண்டிருந்தார்கள். அதையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு வினை அங்கேதான் வந்தது. என் மகளுக்கு அப்போதுதான் தலை நின்றிருந்தது. காலையிலும் மரவள்ளிக் கிழங்கு, மாலையிலும் மரவள்ளிக் கிழங்கு என்று தின்றதில் எனக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. அம்மாமார்கள் காட்டுக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் ஒரு ஆயா உண்டு. ஒரு நாள் நான் பிள்ளையைத் தூக்க வந்தபோது அவள் என்னை உட்காரச் சொன்னாள்.

"ஒம் புள்ள அழுவுறத நிறுத்திட்டா தாயி. அழுவுற புள்ளயப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. இப்புடிச் சும்மா கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கு பாரு, அதப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து என் நினைப்பு முழுக்க அந்த நின்றுபோன ஒரு படி அரிசிமேல்தான் இருந்தது. எங்களை மேய்க்கிற கங்காணியிடம் கேட்டேன். வெள்ளைக்காரத் துரையிடம் சொல்கிறேன் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி சாமியிடம் வாயையே திறக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டால் வாயாடிக் குடும்பம் என்று அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பிள்ளை கப்பல் பயணத்தைத் தாங்குமா?

அந்தச் சமயத்தில்தான் டிரஸ்ஸர் ஒரு யோசனையோடு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் அவர், யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுக்கும்போதும் புத்தகம் படித்துக்கொண்டே கொடுப்பார். அவரிடம் அட்டையில்லாத ஒரு பழைய ஆங்கில நாடகப் புத்தகம் இருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் தன் ஊரில் ஆடிய நாடகமாம். பஞ்ச காலத்தில் ஒரு ராஜா. களஞ்சியம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு, காலியாகக் கிடக்கிறது என்று ஊருக்குச் சொல்கிறான். கோட்டைக்கு வெளியே ஜனம் பசியால் கத்துகிறது. உள்ளே விருந்து நடக்கிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு இதைத் தமிழில் போடலாம் என்றார்.

"தொரை முன்னாலயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"துரை முன்னாலதான். நாங்களா எழுதினால் குற்றம். இது வெள்ளைக்காரரின்ர நாடகம். அவையின்ர கதையை அவைக்கே ஆடிக் காட்டுறம். ஆரும் ஒண்டும் கேக்க ஏலாது" என்றார் டிரஸ்ஸர்.

கதையைக் கேட்டதும் எனக்கு ஒரு ஆச்சரியம். வெள்ளைக்காரன் ஊரிலும் ஜனம் சோற்றுக்கு அலறியிருக்கிறது. அங்கேயும் மேலே இருப்பவன், கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே மென்றிருக்கிறான். இவர்களெல்லாம் பிறக்கும்போதே பிஸ்கோத்து டின்னோடு பிறந்தவர்கள் என்றல்லவா நான் எண்ணியிருந்தேன். இந்தத் துரையின் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவன் அந்தக் கோட்டை வாசலில் நின்று கத்தியிருக்கலாம். அதைப் பார்த்தால் இவருக்கு உறைக்காதா என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால், டிரஸ்ஸர் சொல்லச் சொல்ல வசனத்தைத் தமிழில் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. ராஜா என்ன ஆனான் என்பது டிரஸ்ஸருக்கே தெரியாது. ஜனம் அவனை வெட்டிப் போடட்டும் என்றேன் நான். வெட்டினால் நம்மை வெட்டுவார்கள் என்றார் என் வீட்டுக்காரர். கடைசியில், ராஜா மனமிரங்கித் தானே களஞ்சியத்தைத் திறந்துவிடுவதாக வைத்துக்கொண்டோம். எந்த ராஜா அப்படித் திறந்தான் என்று கேட்டுக்கொண்டேதான் நான் அதை எழுதினேன்.

அடுத்து விருந்துக் காட்சி. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். கூத்தில் சாப்பிடுகிற கட்டம் வந்தால் இலையில் நிஜமான சாப்பாடு இருக்கவேண்டும். வெறும் இலையில் கையை வைத்து மெல்லுவதுபோல நடித்தால், ஆடினவன் வீட்டிலும் பார்த்தவன் வீட்டிலும் சட்டியில் சோறு தங்காது. கூத்து முடிந்ததும் அந்தச் சோற்றை எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்துவிடுவோம். டிரஸ்ஸர் தேங்காய்த் துருவலைக் குவித்துவைத்தால் தூரத்திலிருந்து சோறு மாதிரிதானே தெரியும் என்றார். அதைக் கேட்டு லயமே அவரைப் பார்த்த பார்வையில் மனுஷர் அடங்கிப்போனார்.

சரி, சோறு வேண்டும். அதற்கு அரிசி எங்கே? வீட்டுக்கு ஒரு பிடி என்று முறம் எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனேன். எவளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிடி எவ்வளவு பெரிசாக இருக்கும்? எல்லாவற்றையும் வடித்துக் கொட்டிப் பார்த்தால் இலையில் ஒரு மூலைக்குத்தான் வந்தது. ராஜா விருந்து மாதிரியே இல்லை. எங்கள் வீட்டு விருந்து மாதிரிதான் இருந்தது.

அப்போது நாங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. மரவள்ளிக் கிழங்கை அவித்து மசித்து மலையாகக் குவித்தோம். அதன்மேல் சோற்றைப் பூசினமாதிரி பரப்பினோம். கிழங்கும் சாப்பாடுதான், அதனால் வழக்கம் கெடவில்லை. கிழங்கை அப்படியே வைத்துக் காட்டியிருந்தால் துரைக்கு எங்கள் நிலைமை வெட்டவெளிச்சமாக விளங்கியிருக்கும். ஆனால் துரையும் துரைசானியும் விருந்தாளிகளாக வந்து உட்காரும்போது முன்னால் கிழங்கை வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. யாராவது வாசலில் வந்தால் கிழங்குச் சட்டியை மூடிவைக்கிற ஜனங்கள் நாங்கள். கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம்.

என் வீட்டுக்காரர் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. நீ முழுக் கெழங்கையும் மறைச்சுட்ட, புள்ள" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

துரை இருட்டுவதற்குள் பங்களாவுக்குத் திரும்பவேண்டும் என்பதால் வெயில் தாழ்ந்ததும் நாடகத்தைத் தொடங்கினோம். கோயிலுக்குப் பக்கத்தில் பலகை போட்ட மேடை. துரைக்கும் துரைசானிக்கும் முன்னால் நாற்காலி. கங்காணி அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். ராணி வேஷம் கட்டினது கங்காணிக்குக் கீழே வேலை வாங்குகிற ஒரு மண்டோர். அதற்காக மீசையை எடுத்தவர், மறுபடி முளைக்கிறவரை வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். பெண்கள் மேடை ஏறுகிற வழக்கம் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்துப் படுதா ஓரமாக, துரையின் நாற்காலிக்குக் கிட்டே நின்றேன்.

விருந்துக் காட்சி வந்தது. கோட்டைக்கு வெளியே நின்ற ஜனம், "மகாராஜா, ஒரு கவளம்" என்று கூவியது. அவர்களுக்கு நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே ராஜா வெள்ளை வெளேரென்ற அந்தக் குவியலின் ஓரத்தில் கைவைத்து உருட்டி வாயில் போட்டார். கூட்டம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விழுங்கும்போது முன்வரிசையில் பிள்ளைகளுக்கும் தொண்டை ஏறி இறங்கியது.

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத்துத் தமிழ். அவர் கங்காணி பக்கம் திரும்பி, "அரிசி இல்லே, அரிசி இல்லேன்னு சொல்றான். இவ்ளோ சோறு எங்கேருந்து வந்துச்சி?" என்றார். கங்காணி பல்லைக் காட்டி, "ஆமாங்க தொரே" என்றார். துரை ஏதோ முடிவு செய்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. என் பிள்ளையின் வாயில் மண்ணைப் போடுவதற்கு என் கையாலேயே சோறு குவித்துக் கொடுத்திருக்கிறேனே என்று தோன்றியது. பிள்ளையைப் பக்கத்தில் நின்ற ஆயாவிடம் கொடுத்தேன். மேடை ஏறினேன்.

"புள்ள, எறங்கு" என்று ராஜா உதட்டை அசைக்காமல் சொன்னார்.

நான் குவியலுக்குள் கையை விட்டு இரண்டாகப் பிளந்தேன். மேலே இருந்த சோறு சரிந்தது. மஞ்சளோடிய கிழங்கு மலை வெளியே தெரிந்தது. ஒரு கட்டியை எடுத்துத் துரைக்கு நேராக நீட்டினேன்.

"நல்லாப் பாருங்க தொரே. மேல சோறு, உள்ள கெழங்கு. இதத்தான் நாங்க திங்கறோம். இதத் தின்னு எனக்குப் பால் ஊறல. எம் புள்ள அழுவக்கூட மாட்டேங்குது."

துரையின் முகம் சிவந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழப்போனார். அந்த நொடியில் என் வீட்டுக்காரர் கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டு, தொண்டையைத் திறந்து, "பெண்ணே, உன் குறை கேட்டோம். உன் துணிவை மெச்சினோம்" என்றார். வசனத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. எழுதினவள் எனக்குத் தெரியாதா?

துரைசானி கைதட்டினாள். அவளுக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. அவள் தட்டினதைப் பார்த்துத் துரையும் உட்கார்ந்தார், அவரும் தட்டினார். பிறகு கங்காணி தட்டினார். நாடகம் மறுபடி நடந்தது. ராஜா களஞ்சியத்தைத் திறந்தார், எல்லாம் சுபமாக முடிந்தது. போகும்போது துரை என் வீட்டுக்காரரிடம், "பொம்பளே நல்லா நடிச்சா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரை நிற்கவைத்துக் கேட்டேன். "அந்த நேரத்துல ஒங்களுக்கு ஒரு வசனம் தேவையா?"

"அந்த வரியச் சொல்லலேன்னா நாளைக்கு நாம சிரம்பான் போயி ரயிலேறி, கப்பலப் புடிக்கணும். ஒன்னக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"காப்பாத்துனீங்களா, கைதட்டு வாங்குனீங்களா?"

அவர் முகத்து மாவைக் கழுவப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறோம். மேடையில் நின்று பசி என்று சொன்னால், கேட்கிறவன் காதில் அது வசனமாகத்தான் விழுகிறது. அந்த முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும். பிரபுக்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் நெல்லைப் பூட்டியிருப்பார்கள். நாடகம் பொய்யென்று நான் சொல்லவரவில்லை. நிஜத்தையும் பொய்யாக்கிக் காட்டிவிடுகிற சக்தி அந்த நாலு பலகைக்கு இருக்கிறது. அன்றைக்கு அது எங்களைக் காப்பாற்றவும் செய்தது என்பதால் எனக்கு அதைத் திட்டவும் முழு மனசு வரவில்லை.

அரிசி வரவில்லை. பிள்ளை மேலும் மெலிந்தாள். அந்த வார முடிவில் டிரஸ்ஸர் லயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்தாளிகள் வருகிறார்களாம். அந்த விருந்துக் காட்சியை மட்டும், நான் வருகிற கட்டத்தோடு, அங்கே ஆடிக் காட்டவேண்டும் என்று துரைசானி கேட்டிருக்கிறாள். சோற்றுக் குவியலைப் பங்களாச் சமையல்காரரே செய்துவைப்பார்.

"இருக்கிற காது கேக்கலியே சாமி. இன்னும் நாலு காது வந்து என்ன ஆவப்போவுது?" என்றேன்.

"நாலு காதில ஒண்டாவது திறக்கும், பிள்ளை. இந்த முறை ஆறுதலா, நிதானமாச் சொல்லுங்கோ. ராசா இடையில வாய் திறக்கமாட்டார்" என்றார் அவர், என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே.

என் வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேல சோறு, உள்ள கெழங்கு. கைக்குழந்தைக்காரிகளுக்கு நிறுத்தின அரிசியத் திரும்ப அளந்து குடுங்க. இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள் என்பது வாசனையிலேயே தெரிந்தது. துரை எழுந்து எங்களைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி போட்ட மேசை. அதன்மேல் பெரிய தட்டு, தட்டில் வாழையிலை, இலையில் ஆவி பறக்கிற சோறு. என் வீட்டுக்காரர் கிரீடத்தோடு போய் உட்கார்ந்து ஓரத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டார். அவர் முகம் மாறியது. கண்ணால் எனக்கு என்னவோ சொல்லப் பார்த்தார். எனக்கு விளங்கவில்லை.

நான் முன்னால் போனேன். குவியலுக்குள் கையை விட்டேன். சோறு. இன்னும் உள்ளே விட்டேன். சோறுதான். மணிக்கட்டு வரை சுட்டது. விரல் இலையைத் தொட்டது. அதுவரைக்கும் சோறு.

குவியலுக்குள் கிழங்கு வைக்கவேண்டும் என்று சமையல்காரருக்கு யாரும் சொல்லவில்லை. நாடகத்துக்கு ஒரு குவியல் சோறு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு குவியல் சோறு என்றால், அது முழுக்கச் சோறுதான். வேறு விதமாகக் குவிக்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

என் வசனம் போய்விட்டது. உள்ளே கிழங்கு இல்லாமல் நான் எதைப் பிளந்து காட்டுவது? எல்லாரும் முன்னால் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். துரைசானி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கை இன்னும் அந்தச் சோற்றுக்குள்ளேயே இருந்தது. என் லயத்தில் வீடு வீடாக முறம் ஏந்தினாலும் சேராத சோறு, இங்கே விளையாட்டுக்கு வடித்த சோறு. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும்தான் வந்தது.

முந்தானையை எடுத்து மடி கட்டினேன். இரண்டு கையாலும் சோற்றை அள்ளி மடியில் போட்டேன். அள்ளிக்கொண்டே இருந்தேன். இலையைத் துடைத்து எடுத்தேன். சூடு அடிவயிற்றில் பட்டுக் கொப்பளித்தது. திரும்பி வராந்தாப் படியில் இறங்கினேன்.

படியடியில் நின்ற காவல்காரன் கையை நீட்டி மறித்தான். அவனுக்கு நாடகம் தெரியாது. சோறு போவதுதான் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. சத்தியம் செய்திருந்த மனுஷர் சத்தியத்தை மீறினார்.

"அவளைத் தடுக்காதே. களஞ்சியம் திறந்தது."

வராந்தா முழுக்கக் கைதட்டல். காவல்காரன் துரையின் முகத்தைப் பார்த்தான், துரையும் தட்டிக்கொண்டிருந்தார். அவன் கையை இறக்கினான். கறையான் தின்றுபோன கடைசிக் காட்சி அதுவாகத்தான் இருக்கும் என்று டிரஸ்ஸர் பின்னால் அடிக்கடி சொல்லுவார். அந்த ஒரு வரிக்காக நான் என் வீட்டுக்காரருடைய முந்தின வரியைப் பாதி மன்னித்தேன்.

நேரே ஆயாக்கொட்டகைக்குப் போனேன். கைக்குழந்தைக்காரிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆயா உப்பும் மோரும் கொண்டுவந்தாள். "ஏது தாயி இது?" என்று கேட்டாள். "நடிச்சு வாங்கினது" என்றேன். அவள் மோரை ஊற்றிப் பிசைந்து, எனக்கும் சேர்த்து ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாள்.

நிறுத்தின அரிசி ரப்பர் விலை ஏறுகிறவரைக்கும் திரும்ப வரவில்லை. ஆனால் மாசத்துக்கு ஒரு ஞாயிறு பங்களாவில் விருந்து இருந்தது. அந்தக் காட்சியை மறுபடி கேட்டார்கள், மறுபடியும் போனேன். ஒவ்வொரு தடவையும் நல்ல கனமான புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அதெல்லாம் பின்னால். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையை மடியில் போட்டேன். கொஞ்ச நேரம் சப்பினாள். வந்த பால் அவளுக்குப் போதவில்லை. வாயை எடுத்துவிட்டு, முகம் சிவக்க, காலை உதைத்துக்கொண்டு அழுதாள். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். நான் அவளை அடக்கவில்லை.